மாஸ்டர் காலையில் எங்கே சாப்பிடுகிறார்?

துணி தைக்கிற ஆலை வாசலில் நின்று, ஷிப்ட் முடிந்து போகிற பெண்களைச் சோதித்து அனுப்புவதுதான் அவளுடைய வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் செக்கிங்கம்மா. பையைத் திறந்து குடைகிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. அடியில் கையைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்குவாள், முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். "சாப்பிட்டு முடிச்ச டப்பா காத்தாட்டம் இருக்கணுமே, இது ஏன் பிள்ளைத்தாச்சி மாதிரி கனக்குது?" என்பாள். திறந்தால் உள்ளே பட்டன் குவியலாகக் கிடக்கும். எவளாவது எதையாவது எடுத்து மடியில் வைத்தால் போதும், செக்கிங்கம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்று ஆலை முழுக்கப் பேச்சு.

அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக வருகிறவள் போகிறவளையெல்லாம் திருடியாகவே பார்த்துப் பழகி, வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பார்வை இறங்க மறுத்தது. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் செருப்பைக்கூடப் புரட்டிப் பார்த்தாள். "குதிகால் இப்படித் தேஞ்சிருக்கே, எந்நேரமும் எங்கே போய் நிக்கிறாரு?" என்றாள். "ம்மா, அவரு பஸ் கண்டக்டர்! நிக்காம படுத்துக்கிட்டா டிக்கெட் கொடுப்பாரு?" என்று மகள்தான் கத்தினாள்.

அவள் சோதிக்காமல் விட்ட ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர். கேக் மாஸ்டர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற மனிதர். மாவு உண்டு, அடுப்பு உண்டு, தான் உண்டு என்று இருப்பவர். அவரிடம் ஒளித்து வைக்க என்ன இருக்கப்போகிறது என்று அவள் சும்மா இருந்துவிட்டாள்.

ஆலையை மூடினார்கள். அதே சமயம் பார்த்து, தொலைவில் ஒரு பெரிய ஊரில் புதிதாகக் கேக்கும் ஐஸ்கிரீமும் விற்கிற கடை ஒன்றைத் திறக்கிற முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். இனி இங்கே என்ன இருக்கிறது என்று புருஷனும் பெண்டாட்டியும் மூட்டையைக் கட்டினார்கள். கிளம்புவதற்கு முன்னால் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்து ஆளைப் புரட்டி எடுத்துவிட்டது. மெலிந்த கன்னத்தோடுதான் புது ஊரில் வந்து இறங்கினார்.

ஆணி, பூட்டு, வாளி விற்கிற ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். தெருவில் ஒரு முகம் தெரியாது. மாஸ்டருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை தொடங்கும். செக்கிங்கம்மாவுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத கண் சும்மா இருக்குமா? முதலில் மின்சார மீட்டரைச் சந்தேகப்பட்டாள். பிறகு கீழ்க் கடைக்காரர் ஏன் இத்தனை மரியாதையாகச் சிரிக்கிறார் என்று யோசித்தாள். கடைசியில் அந்தக் கண் வீட்டுக்குள்ளேயே திரும்பியது.

மாஸ்டர் காலையில் எழுந்து முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். அவர் ஜென்மத்தில் நடந்த ஆள் கிடையாது. திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. "பசிக்கல" என்பார். நடந்துவிட்டு வருகிற மனிதனுக்குப் பசிக்காதா? ஒருநாள் அவர் சட்டைக் கையில் முட்டையின் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. இன்னொரு நாள் மீசையில் பொடித்த சர்க்கரை. கடைக்குப் போய் வந்த பிறகு என்றால் சரி, தொழில் அது. காலையிலேயே மீசையில் சர்க்கரை எங்கிருந்து வரும்?

"எங்கேயாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லியே."

சட்டென்று, கண்ணைப் பார்க்காமல், கேள்வி முடிவதற்குள் வந்த பதில். ஆலை வாசலில் இப்படிப் பதில் சொன்ன ஒருத்தியையும் அவள் பையைத் திறக்கவைக்காமல் விட்டதில்லை.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் தப்பாகத்தான் பட்டது. ஒரு காலை கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டுக் கீழே போனவள், வாசனை மூக்கில் ஏற ஓடி வந்தாள். கஞ்சி அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருக்க, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அந்தக் கருகலையே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அடுத்த வாரம் மச்சில் ஓர் எலி செத்துக் கட்டடமே மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கி நின்றபோது, இவர் மட்டும் மேலே உட்கார்ந்து நிதானமாகத் தேநீர் குடித்தார்.

மனசு இங்கே இல்லை, வேறெங்கேயோ இருக்கிறது. இந்த வயசில் ஒரு மனுஷனின் மனசு எங்கே போகும்?

மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவா? நம்ம அப்பாவா?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ம்மா, அவருக்கு உன்கிட்ட பேசவே வாய் வராது. இன்னொருத்திகிட்ட போய் என்ன பேசுவாரு?"

"பேசாதவங்களைத்தான்டி நம்பக் கூடாது."

"மெதுவாப் பேசு, உன் மாப்பிள்ளை காதுல விழப்போகுது. போய் ஏதாவது வேலையைத் தேடிக்கோ."

வேலையைத் தேடிக்கொண்டாள். மறுநாள் காலை மாஸ்டர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடை முகத்துக்கு.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் முட்டையும் ரொட்டியும் போடுகிற ஒரு கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியிலிருந்தே எல்லாம் தெரியும். மாஸ்டர் உள்ளே போய்ச் சுவர் ஓரம் உட்கார்ந்தார். எதிரே யாரும் இல்லை. பொரித்த முட்டையும் வாட்டிய ரொட்டியும் வந்தன. ரொட்டியை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு கடி கடித்தார். மறுபடியும் கண்ணை மூடினார். பிறகு தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அவள் உள்ளே புகுந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். மேசைக்குக் கீழே பார்த்தாள், தட்டுக்கு அடியில் பார்த்தாள். துண்டுச் சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை. "என்ன வேணும்மா?" என்று சப்ளையர் வந்து நின்றுவிட்டதால் முட்டையும் ரொட்டியும் சொல்ல வேண்டியதாயிற்று. முட்டையின் ஓரம் மொறுமொறுவென்று இருக்க, நடுவில் மஞ்சள் நடுங்கியது. ரொட்டியில் வெண்ணெய் உருகி ஊறியிருந்தது. இவ்வளவு ருசியான பண்டத்தை ஒருத்தன் ஒரு கடி கடித்துவிட்டுப் போகிறான் என்றால், அவன் நெஞ்சில் எவள் உட்கார்ந்திருக்கிறாள்? கோபத்தோடு தட்டைக் காலி செய்தாள்.

இப்படித்தான் அந்த ஊர் அவளுக்குப் பழக்கமானது. நீதிமன்றத்துக்கு எதிரே வக்கீல்கள் நின்றுகொண்டே குடிக்கிற காப்பிக்கடை. மூட்டை தூக்குகிறவர்கள் வருகிற இருட்டுக் கடை, அங்கே பால்கஞ்சியில் தேன் ஊற்றிக் கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற ஒரு பன் கடை. எல்லாவற்றிலும் அதே கதைதான். மாஸ்டர் முகர்வார், ஒரு வாய் தின்பார், தள்ளுவார், போய்விடுவார். இவள் போய் உட்கார்ந்து, ஏன் மூடி போட்டு வைத்திருக்கிறார்கள், எதைத் தொட்ட கையால் எதைத் தொடுகிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டு, பிறகு முழுசையும் சாப்பிட்டு முடிப்பாள். புருஷனைப் பின்தொடர்ந்த வகையில் அவள் ரவிக்கை இறுகிப்போனதுதான் மிச்சம்.

அவர் எல்லா இடத்திலும் யாரையோ எதிர்பார்த்துக் காத்திருந்துவிட்டு, வரவில்லை என்று எழுந்து போகிறார் என்று அவள் முடிவு கட்டினாள்.

கால்வலியால் அவள் இரண்டு நாள் பின்தொடராமல் இருந்து, மறுபடி கிளம்பிய காலையில் அவர் பாதையை மாற்றியிருந்தார். புத்தகக் கடைகள் இருக்கிற தெருவுக்குள் நுழைந்து, பச்சைக் கதவு போட்ட ஒரு புட்டிங் கடைக்குள் போனார். மாஸ்டர் வேலை பார்க்கிற கடைக்கும் இதற்கும் ஆகாது, ஒரே தொழில். இங்கே இவருக்கு என்ன வேலை? அவள் எதிர்ப்பக்கம் குடைக்குள் நின்று பார்த்தாள். உள்ளேயிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயசு, கொண்டை, மடிப்புக் கலையாத ஏப்ரன். மாஸ்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சின்னச் சின்னக் கிண்ணமாக அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொள்ள, அவளே கரண்டியில் எடுத்து நீட்டினாள்.

அதற்குமேல் குடை எதற்கு? செக்கிங்கம்மா தெருவைக் கடந்தது அவளுக்கே நினைவில்லை.

"ஊட்டிவிடுற அளவுக்கு வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்காரிதான் முதலில் பேசினாள்.

"ஓ, நீங்களும் இவரு கூட்டாளியா? ஆளு வந்து ஒவ்வொண்ணா ருசி பார்க்கிறது, நீங்க வெளியே நின்னு காவல் காக்கிறதா? நல்லா இருக்கே."

"யாருக்கு யாரு கூட்டாளி? நான் கட்டின பெண்டாட்டி!"

"அப்ப இன்னும் வசதி. ரெண்டு பேரும் சேர்ந்தே வேவு பார்க்கலாம். இவரு எந்தக் கடை மாஸ்டர்னு எனக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சு. வந்து உக்காருறாரு, இருக்கிற எல்லாத்திலயும் ஒரு கரண்டி, மிச்சத்தை அப்படியே வச்சிட்டுப் போறாரு. திங்க வர்றவங்க அப்படியா பண்ணுவாங்க? அதான் இன்னைக்கு நான் ஒரு பரீட்சை வச்சேன்." அவள் கிண்ணங்களைக் காட்டினாள். "மூணும் ஒரே நிறம், ஒரே இனிப்பு. ஒண்ணு வெனிலா, ஒண்ணு ஏலக்காய், ஒண்ணு ஆரஞ்சு. கண்ணை மூடிட்டுச் சொல்லுங்கன்னேன். கேக் மாஸ்டரு, ஏலக்காயைத் தின்னுட்டு வெனிலாங்கிறாரு! வேணும்னே தப்பாச் சொல்லி என்னை ஏமாத்துறாரு."

"ஏமாத்தலம்மா," என்றார் மாஸ்டர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "எனக்கு வாசனை தெரியல."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், "என்னது?" என்றார்கள்.

"காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போச்சு. இனிப்பு, உப்பு, புளிப்பு நாக்குக்குத் தெரியுது. வாசனைன்னு ஒண்ணும் கிடையாது. வெனிலாவும் ஒண்ணுதான், வெந்நீரும் ஒண்ணுதான்." கைகளை மேசைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஏதாவது ஒரு இடத்துல, ஏதாவது ஒரு பண்டத்துல சட்டுனு திரும்ப வந்துடாதான்னு ஒவ்வொரு கடையா ஏறி இறங்குறேன். எங்க கடையில முகர்ந்து பார்த்துக்கிட்டு நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்."

கண்ணாடிக்காரி நம்பவில்லை. விருட்டென்று உள்ளே போய் எதையோ கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். பாத்திரம் துடைத்துத் துடைத்து நாள்பட்ட துணி. இரண்டு எட்டுத் தள்ளி நின்ற செக்கிங்கம்மாவுக்கே குமட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் நெற்றியைச் சுருக்கி, "ஏதோ ஈரமா இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரி துணியைக் கீழே இறக்கினாள்.

செக்கிங்கம்மாவுக்கு இன்னொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. கருகின கஞ்சி, செத்த எலி, "பசிக்கல". எல்லாவற்றையும் பார்த்தாள், எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரார் பையையெல்லாம் தூக்கிப் பார்த்தே சொன்னவள், பக்கத்தில் படுத்திருந்தவர் இப்படி ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்ததைத் தெரிந்துகொள்ளவில்லையே.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என் மூக்கைச் செக் பண்ணுவே."

அது உண்மைதான். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது.

"அது சரி, கடையில எப்படிச் சமாளிக்கிறீங்க? க்ரீம் கெட்டுப்போயிருந்தா எப்படித் தெரியும்?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சரியான இடத்தில்தான் கையை வைத்துவிட்டாள்.

"போன வாரம் ஒரு வாளி க்ரீமை அடிக்க ஆரம்பிச்சுட்டேன். உதவிக்கு நிக்கிற ஆளு மூக்கைச் சுளிச்சான். 'என்ன மாஸ்டர், இப்படி நாறுது'ன்னான். 'தெரியும், கொட்டத்தான் எடுத்தேன்'னு சொல்லிக் கொட்டிட்டேன். அன்னைக்கு அவன் லீவு போட்டிருந்தா..." முன்னால் இருந்த கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"இன்னைக்கே முதலாளிகிட்ட சொல்லிடணும்."

"சொன்னா வேலை போயிடும்."

"ஒரு குழந்தை தின்னுட்டு ஆஸ்பத்திரியில கிடந்தா? எழுந்திருங்க."

அன்று மதியமே இரண்டு பேருமாகப் போய் முதலாளியின் முன்னால் நின்றார்கள். முதலாளி செக்கிங்கம்மாவுக்கு மேல் ஒரு சந்தேகப் பேர்வழி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பச்சைக் கதவுக் கடையில இருந்து உங்களைக் கூப்பிடுறாங்களா? போறதா இருந்தா நேராச் சொல்லுங்க மாஸ்டர், மூக்கு மேல பழியைப் போடாதீங்க" என்றார். காலையில் இவர்களைப் புட்டிங் கடையில் பார்த்ததாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மூன்று பேரும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் சின்னச் சின்னக் குப்பிகளை நீட்டிப் பார்த்தார், குழாய்விட்டுப் பார்த்தார். காய்ச்சலில் நரம்பு கெட்டிருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், தினமும் வாசனையான பண்டங்களை முகர்ந்து பழகுங்கள் என்று சொல்லி அனுப்பினார். முதலாளிதான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ரொட்டி போடுற பக்கம் வந்துடுங்க. அங்க கைதான் முக்கியம்" என்றார். கேக்குக்கு வேறு ஒரு மாஸ்டர் வந்தார். இவரைவிட வயசில் சின்னவர். அவர் வெட்டிக்கொடுத்த முதல் துண்டைத் தின்றுவிட்டு நம் மாஸ்டர், "பதம் நல்லா இருக்கு" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஜன்னலோரம் நின்று, எதிர்க் கட்டடத்தின் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு காலை நடையில் இரண்டு பேரும் ஒன்றாகவே போனார்கள். அவர் முகர்வார், அவள் வாசனையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவளுக்குக் குற்றம் மட்டும்தான் சொல்ல வந்தது. "எண்ணெய் பழசு." "பாலை ரெண்டு தரம் காய்ச்சியிருக்காங்க."

"நல்ல வாசனை எதுவுமே வரலியா?" என்று மாஸ்டர் கேட்டார்.

அவள் ரொட்டியைப் பிட்டு மூக்கருகே வைத்து யோசித்தாள். இப்படி யோசித்து அவளுக்குப் பழக்கமே இல்லை. "வெயில்ல காய்ஞ்ச துணியை மடிக்கும்போது வருமே, அது மாதிரி" என்றாள் கூச்சத்தோடு. மாஸ்டர் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது.

குளிர் விட்டு வெயில் ஏற ஆரம்பித்த நாட்களில் ஒரு காலை, நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற காப்பிக்கடையில் நின்றார்கள். மாஸ்டர் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் திடுக்கிட்டுத் தள்ளி வைத்தார். காப்பி மேசையெல்லாம் சிந்தியது.

"ஐயய்யோ, என்ன நாத்தம்! டயரைக் கொளுத்தின மாதிரி!"

வக்கீல்கள் தங்கள் கோப்பைகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள்.

செக்கிங்கம்மா அவர் கோப்பையை எடுத்து முகர்ந்தாள். அருமையான காப்பி. "நாறுதா? நிஜமாவே நாறுதா?"

"தாங்க முடியல!"

"நாறுதாம்!" என்று அவள் கத்தினாள். கையைத் தட்டினாள். "எங்க வீட்டுக்காரருக்கு நாறுதாம்!"

கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார். எந்தக் கடையிலிருந்து ஆள் அனுப்பினார்கள், காலை நேரத்து வியாபாரத்தைக் கெடுக்கவா வந்தீர்கள் என்று கேட்டார். அவள் விளக்கப் போனாள். அந்த விளக்கத்தை யார்தான் நம்புவார்கள்? இரண்டு பேரையும் மரியாதையாக வெளியே போகச் சொன்னார்கள்.

நடைபாதையில் நின்றதும் அவளுக்குப் பழைய புத்தி வந்துவிட்டது.

"ஏங்க, எனக்காகச் சொல்லலியே? கேக் பக்கம் திரும்பப் போகலாம்னு கதை விடலியே?"

மாஸ்டர் போகிற வருகிற காற்றையெல்லாம் முகர்ந்துகொண்டு நின்றார். பழக்கடை பக்கம் போய் ஓர் ஆரஞ்சை எடுத்தார். முகம் கோணியது.

"இதுவும் டயர்தான். எல்லாமே அதே நாத்தம்தான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவன் பூ மணக்கிறது, வெனிலா மணக்கிறது என்று நல்லதாகத்தான் சொல்வான். ஆரஞ்சில் டயர் நாறுகிறது என்று எவன் பொய் சொல்வான்? அவளுக்குச் சந்தேகம் விட்டது. பட்டப்பகலில், நடுத்தெருவில், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நரம்பு சரியாகும்போது முதலில் இப்படித்தான் எல்லாம் நாறும், பிறகுதான் நல்ல வாசனை வரும் என்றார் டாக்டர். எப்போது என்று அவரும் சொல்லவில்லை. மாஸ்டர் இன்னும் ரொட்டிப் பக்கம்தான் நிற்கிறார். ஏலக்காய் மட்டும் மெதுவாக, தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி தெரிகிறதாம். காப்பி இன்னும் நாறுகிறது. அதனால் கடைக்குப் போனால் அவர் வெந்நீர் குடிப்பார், அவர் பங்குக் காப்பியையும் சேர்த்து அவள்தான் குடிக்கிறாள்.